மாவுக்கு ஓர் அறை

திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் மாலை ஷிப்ட் விட்டதும், பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடக்கும் பெண்களில் பலர் வழியில் மளிகைக் கடை முன்னால் ஒரு நிமிடம் நிற்பார்கள். குளிர்பெட்டியைத் திறந்து ஒரு கவர் மாவு எடுப்பார்கள். எடுத்தவுடன் பைக்குள் போட மாட்டார்கள். கவரை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்கள். காற்றடைத்து உப்பியிருந்தால் உள்ளே தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். மாவு தயாரிக்கும் தொழிலின் முழுச் சிக்கலும் அந்த ஒரு விரல் அழுத்தத்தில் இருக்கிறது.

என் அண்ணி காக்களூர்க்காரர். வீட்டின் கீழ்த்தளத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதை மாவு அறையாக்கி, சுற்றியுள்ள கடைகளுக்கு நாளொன்றுக்கு அறுபது கிலோ கொடுக்கலாம் என்று திட்டம். "தம்பி, ரெண்டு கிரைண்டர் வாங்கிப் போட்டா ஆச்சுல்ல? வேற என்ன வேணும்?" என்று கேட்டார். பதில் சொல்லப் புறப்பட்டுத்தான் இவ்வளவையும் படிக்கவும் கணக்குப் போடவும் நேர்ந்தது. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இதே கேள்வியோடு இருப்பவர்கள் பலர் என்பதால் எழுதுகிறேன்.

வீட்டில் நொதிக்க வைப்பதற்கென்றே தனி அறை கட்டி, கருவிகளைப் பூட்டி, தானாக இயங்கவிடும் பழக்கம் மேல்நாடுகளில் பீர் காய்ச்சுவோரிடம் உண்டு. பிரிட்டனில் வீட்டு பீருக்கு உரிமம் வேண்டும் என்ற விதி 1963-இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மாநிலம் இது. அதில் விளையாட்டு கூடாது.

ஆனால் அந்தப் பீர்க்காரர்கள் கண்டுகொண்ட ஒரு சூட்சுமம் நமக்கு அப்படியே பயன்படும். பழைய ஃபிரிட்ஜ் ஒன்று, சின்ன ஹீட்டர் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர். சென்சாரைப் பாத்திரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால், சூடு ஏறும்போது ஃபிரிட்ஜ் ஓடும், இறங்கும்போது ஹீட்டர் எரியும். நொதித்தல் என்பது நுண்ணுயிர் செய்யும் வேலை. அதற்குப் பிடித்த வெப்பநிலையைக் கொடுத்துக் காப்பாற்றுவது மட்டுமே மனிதன் செய்யக்கூடியது. ஆண்டு முழுவதும், அன்றாடம், ஏழை பணக்காரர் என்று பாராமல் நொதித்த உணவைத் தின்பவர்கள் நாம். அந்த அக்கறை நமக்குத்தான் கூடுதலாக இருக்க வேண்டும்.

மாவுக்குள் என்ன நடக்கிறது என்பதை 1965-இல் ஓர் ஆய்வு தெளிவாக்கியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெயின்கிராஸ் குழுவினர், முகர்ஜி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து இட்லி மாவை ஆராய்ந்தார்கள். மாவைப் பொங்க வைப்பது லியூக்கோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று கண்டார்கள். அது எங்கிருந்தும் வந்து சேர வேண்டியதில்லை, தானியத்திலேயே, சிறப்பாக உளுந்திலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஊறும்போது பெருகத் தொடங்கி, அரைத்து வைத்த பின் கரியமில வாயுவை விடுகிறது. புளிப்பு ஏற ஏற வேறு சில பாக்டீரியாக்கள் கைகொடுக்கின்றன. வெளிவரும் வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. அரிசி மட்டும் அரைத்து வைத்தால் புளிக்கும், பொங்காது. உளுந்து விலை ஏறும்போது அளவைக் குறைத்துச் சோடா உப்பு போடும் கடைக்காரர்களின் இட்லி ஏன் கல்லாகிறது என்பதற்கும் இதுவே காரணம்.

கைராசி உள்ளவர் கரைத்தால்தான் மாவு பொங்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அந்த நம்பிக்கையின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. என்றாலும் விற்பனைக்குச் செய்யும் இடத்தில் அதை விட்டுவிட வேண்டும் என்பதே என் முடிவு. பொங்க வைக்கும் உயிர் உளுந்தில் இருக்கிறது, கையில் இருக்க வேண்டிய அவசியமில்லை. கையிலிருந்து வரக்கூடிய வேறொன்று இருக்கிறது. விரலில் சின்ன வெட்டுக்காயமோ சீழ்க்கொப்புளமோ இருந்தால் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி மாவுக்குள் இறங்கலாம். புளித்தால் கிருமி செத்துவிடும், ஆவியில் வெந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். கிருமி சாகலாம். அது மாவில் விட்டுப்போன நஞ்சு இட்லிப் பானையின் சூட்டுக்கு அழியாது. ஒரு குடும்பத்துக்கு அரைத்தால் ஒரு வீட்டின் வயிறு. அறுபது கிலோ அரைத்தால் ஒரு தெருவின் வயிறு. கலக்குவதற்குத் துருப்பிடிக்காத ஸ்டீல் துடுப்பு போட்ட ஒரு சிறு கலவை எந்திரம், அது வாங்க முடியாவிட்டால் நீண்ட கைப்பிடி உள்ள கரண்டி. காயம்பட்ட நாளில் அவருக்கு வேறு வேலை. இதில் சமரசம் வேண்டாம்.

இனி வெப்பநிலை. முப்பது டிகிரியை ஒட்டி இருந்தால் மாவு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பதமாகும். திருவள்ளூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் பகல் நாற்பதைத் தாண்டும். மார்கழி விடியற்காலை இருபதுக்கு அருகில் வரும். ஒரே அளவு, ஒரே உளுந்து, ஒரே அண்ணி. ஆனால் மே மாதத்தில் நள்ளிரவிலேயே வழிந்து தரையில் ஓடும் மாவு, டிசம்பரில் காலை ஏழு மணிக்கும் அசையாமல் கிடக்கும். வீட்டில் இதைச் சமாளிக்க வழி தெரியும். குளிர் நாளில் பாத்திரத்தை அரிசி மூட்டை மேல் வைப்போம், வெயில் நாளில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்போம். கடைக்குக் கொடுப்பவருக்கு இந்த விளையாட்டு கட்டுபடியாகாது. ஆறு மணிக்கு வண்டி வரும், பதம் வந்தாக வேண்டும்.

எனவே தானியங்கிக் கருவிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு இங்கே போக வேண்டும். தெர்மாகோல் அல்லது பஃப் பலகை வைத்து அடைத்த ஓர் அலமாரி, முப்பது டிகிரியில் நிறுத்தும் கன்ட்ரோலர், உள்ளே காற்றைச் சுழற்றும் சிறு மின்விசிறி. சென்சார் காற்றில் தொங்கக் கூடாது, பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். காற்றுக்கும் மாவுக்கும் நாலைந்து டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். காக்களூரில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. தொழிற்பேட்டைப் பக்கம் ஸ்டீல் வளைப்பவர், ஆர்கான் வெல்டிங் பிடிப்பவர், பேனல் போர்டு கட்டுபவர் எல்லாரும் கூப்பிடு தூரத்தில். பெரிய கம்பெனிப் படத்தைக் காட்டி வாங்குவதைவிட, அளவு சொல்லி உள்ளூரில் செய்துகொள்வது மலிவு. பழுது வந்தால் அன்றே ஆள் வருவார்.

இதைவிடப் பெரிய சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது, பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் இடம் அது. பதம் வந்த மாவை நிறுத்த வேண்டும். நிறுத்துவது என்றால் குளிர வைப்பது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது கிலோ மாவை 32 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க, ஏறத்தாழ ஒன்றரை யூனிட் அளவுக்கு வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜ் ஒன்று மணிக்கு எடுக்கக்கூடிய வெப்பம் அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கணக்கின்படியே பத்து மணி நேரம். நடைமுறையில் அதைவிடக் கூடும், கவர்களை நெருக்கி அடுக்கினால் நடுவில் உள்ளது கடைசிவரை வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தப் பத்து மணி நேரமும் மாவு புளித்துக்கொண்டும் வாயு விட்டுக்கொண்டும் இருக்கும். கடையில் அந்தப் பெண் விரலால் அழுத்தி ஒதுக்கும் உப்பிய கவர் அங்கிருந்துதான் வருகிறது.

தீர்வு இரண்டு. கவரில் அடைப்பதற்கு முன்பே மாவைக் குளிர வைப்பது ஒன்று. அகலமான ஆழமில்லாத தட்டுகளில் ஊற்றி, குளிர்நீர் ஓடும் இரட்டைச் சுவர்ப் பாத்திரத்தில் இறக்கினால் வேகமாக அடங்கும். பால் பண்ணைகள் பாலைக் காய்ச்சிய கையோடு குளிர வைப்பதும் இதே தத்துவம்தான். காக்களூரில் ஆவின் பால் பண்ணை இருக்கிறது, நம் ஊரில் யாருக்கும் இது புதுச் செய்தி இல்லை. இன்னொரு வழி, அரைக்கும்போதே ஐஸ் தண்ணீர் விட்டு, புளிக்கவிடாமல் பச்சையாகக் குளிர்த்து அடைத்துக் கொடுப்பது. வாங்குபவர் வீட்டில் இரவு வெளியே வைத்துப் பொங்க வைத்துக்கொள்வார். முதல் ஆண்டுக்கு இந்த இரண்டாவது வழியையே அண்ணிக்குச் சொன்னேன். நட்டம் குறைவு, கவர் வெடிக்காது. ஆனால் ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு அன்றிரவே தோசை ஊற்ற வேண்டும். அவருக்குப் புளித்த மாவுதான் தேவை. எனவே இரண்டும் வைத்திருக்க வேண்டும், கவரின் மேல் எது எது என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்க வேண்டும்.

கிரைண்டரைப் பற்றி நான் இவ்வளவு தாமதமாகப் பேசுவதற்குக் காரணம், அந்தச் சிக்கல் நம் நாட்டில் முன்பே தீர்ந்துவிட்டது. கோயம்புத்தூரில் 1955-இல் சபாபதி என்பவர் மோட்டார் பூட்டிய மாவரைக்கும் எந்திரத்தைச் செய்தார். ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல், கோவைப் பட்டறைகள், கோவை கிரைண்டருக்குப் பின்னாளில் கிடைத்த புவிசார் குறியீடு என்று ஒரு தொழில் வரலாறே அதன்பின் வளர்ந்தது. ஆட்டுக்கல்லின் முன் காலை நீட்டி உட்கார்ந்து குழவியைச் சுற்றிய பெண்களின் தோளை விடுவித்த கருவி அது. அதற்கு ஈடான விடுதலையை அடுப்பங்கரைக்குத் தந்த எந்திரங்கள் குறைவு. கல் மெதுவாகச் சுற்றும், மாவு சூடாகாது. மிக்ஸி கத்தி வேகமாக ஓடிச் சூடேற்றும், உளுந்து அவ்வளவு பொங்காது. சாய்த்துக் கொட்டும் டில்டிங் கிரைண்டர், நேரம் வைத்து நிற்கும் டைமர், மோட்டார் திணறினால் நிறுத்தும் ஓவர்லோடு சுவிட்ச். இந்த மூன்றும் இருந்தால் போதும். கணினி வைத்து அரிசியைத் தானே போட்டுத் தானே அரைக்கும் எந்திரம் வீட்டு அளவுக்கு வீண். உளுந்து அரைபட்ட பதத்தைக் கரண்டியில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதற்கு இணையான சென்சாரை நான் இன்னும் காணவில்லை.

சுமக்கும் வேலையை மட்டும் மறக்கக் கூடாது. இருபது லிட்டர் பாத்திரம் மாவோடு இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். நாளுக்கு நாலு முறை தூக்கி இறக்கினால் ஐந்து ஆண்டில் இடுப்பு போய்விடும். கிரைண்டரின் வாய்மட்டத்துக்கு உருளும் ஒரு தள்ளுவண்டி, எல்லா மேடைகளும் ஒரே உயரம். பணம் இருந்தால் மாவை அலமாரிக்குத் தள்ள ஒரு பம்ப். ஆனால் பம்ப் என்றால் அதன் குழாயின் உட்புறத்தையும் கழுவ வேண்டும். கழுவ முடியாத குழாய் இருப்பதைவிடத் தள்ளுவண்டி மேல்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. புளித்த மாவில் லாக்டிக் அமிலம் இருக்கிறது, அது சிமெண்டைத் தின்னும். டைல்ஸ் இடுக்குகளில் சாதாரண வெள்ளைச் சிமெண்ட் பூசினால் ஓராண்டுக்குள் இடுக்கு குழிந்து, அதில் மாவு தங்கி, நாற்றம் வந்து, கரப்பான் வரும். எபாக்சி பூச்சு கூடுதல் விலை, ஆனால் ஒருமுறை செலவு. தண்ணீர் ஓடும் சரிவு, வலை போட்ட வடிகால், ஆள் உயரத்துக்குச் சுவர் டைல்ஸ். மேல்தளத்தில் வெயில் நேராக இறங்கும் அறை என்றால் மொட்டைமாடியில் வெள்ளை ஓடு. அதில் மிச்சமாகும் மின்சாரம் குளிர்பெட்டிக்கு உதவும். அரிசி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். கழுநீருக்கு அவர் தினமும் வருவார், தெரு நாறாது.

தண்ணீர் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே ஒரே மாதிரி இல்லை. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுச் செய்தி. கும்மிடிப்பூண்டியில் அறை கட்டுபவர் ஆழ்குழாய்த் தண்ணீரைச் சோதித்துப் பார்த்த பிறகே மற்றதைத் தொடங்க வேண்டும். உப்புத் தண்ணீரில் அரைத்தால் ருசி மாறும், ஸ்டீல் பாத்திரம்கூடப் புள்ளிபுள்ளியாக அரிக்கும்.

மின்சாரத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். ஈரத் தரை, வெறுங்கால், மோட்டார். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இந்த அறையில் ஒரு சுவிட்சும் போடக் கூடாது. எர்த் கம்பியை வருடம் ஒருமுறை சோதிக்க வேண்டும். ஓடும் கிரைண்டர் முன்னால் துப்பட்டா, முந்தானை, அவிழ்ந்த பின்னல் எதுவும் கூடாது. பெல்ட்டுக்கு மூடி கட்டாயம். வீட்டு இணைப்பிலேயே தொழில் நடத்துவதும் தவறு. சிறு தொழில்களுக்கென்று தனிக் கட்டண வகை இருக்கிறது, மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு மாற்றிக்கொள்வதே சரி. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் குளிர்பெட்டியைத் திறக்காமல், உறைய வைத்த ஐஸ் பொட்டலங்களை இடையிடையே அடுக்கி வைத்தால் பகல் முழுவதும் தாங்கும்.

சட்டத்தின் பக்கம் எளிது. ஆண்டு விற்பனை ஒரு வரம்புக்குள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு போதும். அதற்கு மேல் போனால் உரிமம். கவரின் மேல் எடை, விலை, தயாரித்த தேதி, பெயர் முகவரி இருக்க வேண்டும். மத்திய அரசின் சிறு உணவுத் தொழில் திட்டம் 2020-இல் தொடங்கியது. தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வங்கிக் கடனோடு இணைந்த மானியம் அதில் தரப்பட்டது. மாவட்டத் தொழில் மையம் காக்களூரிலேயே இருக்கிறது, நேரில் போய் இப்போதைய நிலவரத்தைக் கேட்பது நல்லது. தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும் இட்லி, தோசை போன்ற நம் உணவுகளுக்கான எந்திரங்களில் வேலை செய்தவை. பயிற்சியும் தருகின்றன. மானியம் கிடைக்கிறது என்பதற்காகப் பெரிய எந்திரம் வாங்கி, மாதத் தவணை கட்ட முடியாமல் துணி போர்த்தி மூடி வைத்த அறைகளை நான் பார்த்திருக்கிறேன். மனம் வலிக்கும் காட்சி அது. 2005-இல் பெங்களூருவில் முஸ்தபா என்பவரும் அவர் உறவினர்களும் மாவு விற்கும் ஐடி ஃப்ரெஷ் நிறுவனத்தைத் தொடங்கியபோது சிறிய இடத்தில் சில கிரைண்டர்களோடுதான் தொடங்கினார்கள். வளர்ந்த பிறகு எந்திரம் வந்தது.

இன்னொரு கருவி பாக்கி. புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டர். நாக்கு சொல்வதை எண்ணாகச் சொல்லும். நல்ல பதத்தில் மாவு நாலரையை ஒட்டி நிற்கும். இந்த அளவுகோலே ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் பிறந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் 1909-இல் வகுத்தது. அதற்கு ஓராண்டு முன், டப்ளின் நகரின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த காசெட் என்பவர், குறைந்த எண்ணிக்கைச் சோதனைகளிலிருந்து நம்பத்தக்க முடிவுக்கு வரும் கணித முறையை 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். நொதிக்க வைப்பவர்கள் அளந்தும் எழுதியும் வைத்ததால் உலகுக்குக் கிடைத்தவை இவை. நம் பாட்டிமார்களும் அதே அளவு கவனித்தவர்கள்தான். எழுதி வைக்க அவர்களுக்கு நேரமும் தாளும் யாரும் கொடுக்கவில்லை.

மாவு அறை ஓடத் தொடங்கியதும் அண்ணி ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறார். தேதி, அறை வெப்பநிலை, உளுந்து எந்தக் கடை, ஊறிய நேரம், பாத்திரத்தில் மாவு எத்தனை விரல் ஏறியது, எத்தனை மணிக்கு, எத்தனை கவர் திரும்பி வந்தது. இருபத்தோராம் நாள் பக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார்: புது உளுந்து, ஒரு மணி நேரம் முன்னாலேயே பொங்கிடுச்சு. அந்த ஒரு வரிக்காக அலமாரியின் வெப்பநிலையை இரண்டு டிகிரி இறக்கினோம்.

மாவு அறை கட்டப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிரைண்டர் கடைக்குப் போகும் முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். உங்கள் அறையின் வெப்பநிலையையும் வீட்டு மாவு பொங்கும் நேரத்தையும் ஒரு மாதம் குறித்து வையுங்கள். தரையையும் மின்சாரத்தையும் சரிசெய்யுங்கள். குளிர வைப்பதற்கு முதலில் பணம் ஒதுக்குங்கள், பொங்க வைப்பதற்கு அடுத்தது, அரைப்பதற்குக் கடைசி. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்காரரிடம் போங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு அதைப் பார்த்தாலே புரியும்.